சின்னவள் கையில் கட்டிய சீட்டு

எனக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது, என் நாத்தனார் பெண். தாயில்லாமல் என் மடிக்கு வந்தவள். ஆறு பேரும் அவரவர் குடும்பத்தோடு நன்றாக இருக்கிறார்கள். கருடசேவைக் கூட்டத்தில் இடுப்பில் ஒன்று, இரண்டு கையிலும் இரண்டு என்று கூட்டிப் போய்த் திரும்பக் கூட்டிவந்தவள் நான். ஒரு பிள்ளையைக்கூடத் தொலைத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எழுதப்போவது எனக்குப் பெருமை சேர்க்கும் சங்கதி இல்லை.

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். இதை எழுத ஒன்பது நாள் பிடித்தது. ஆனால் தறி வேலையில் என்னை ஒருவரும் குறை சொன்னதில்லை. தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு தீருகிற சமயம் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு சேர்த்து முறுக்க வேண்டும். புணைப்பது என்று சொல்வோம். ஆயிரக்கணக்கான இழை. ஒன்று விட்டுப்போனாலும் என் விரலுக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கும் பக்கத்துத் தெருவிலிருந்து புணைக்கக் கூப்பிட்டு அனுப்புகிறார்கள். விரல் மேல் இருந்த அந்த நம்பிக்கைதான் என்னைக் கெடுத்தது.

இந்த வருஷம் காணும் பொங்கலுக்குப் பிள்ளைகளை மெட்ராஸுக்குக் கூட்டிப் போகலாம் என்றான் மகன். கடைசி மகன், நான் அவனோடுதான் இருக்கிறேன். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு நாலு. நான் வரவில்லை என்றேன். பெரியவள் விடவில்லை. சின்னவள் அழுதாள். கிளம்பினேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மெட்ரோ ரயில். அங்கே படிக்கட்டு தானாக ஓடுகிறது. அதன் முன்னால் போனதும் காலை எடுத்து வைக்காமல் நின்றுவிட்டேன்.

"ஆயா, கண்ண மூடிக்கினு கால வையி!" என்றாள் பெரியவள்.

"எத்தினி வருஷமா தறிக்குழியில ஏறி எறங்கறீங்க அத்த, இதுல ஏற மாட்டீங்களா?" என்று மருமகள் சிரித்தாள்.

"தறிக்குழி ஓடாதும்மா. போட்ட எடத்துல இருக்கும்" என்றேன். பின்னால் நின்ற ஜனமெல்லாம் சிரித்தது. மகன் என்னைக் குண்டுக்கட்டாகத் தூக்காத குறையாக ஏற்றிவிட்டான். ரயிலில் சின்னவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டடத்துக்கும் டாட்டா சொன்னாள். எனக்குப் பாதிப் பயம் போயிற்று. மீதிப் பாதி கடற்கரையில் இறங்கியதும் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது.

அத்தனை கூட்டம். மணல் தெரியவில்லை, தலைதான் தெரிந்தது. அன்றைக்கு யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாதென்று கரை நெடுகச் சவுக்குக் கட்டை கட்டி வைத்திருந்தார்கள். கட்டைக்குக் கீழே இருந்த இடைவெளியைப் பார்த்தேன். பெரியவர்கள் நுழைய முடியாது. நாலு வயசுப் பிள்ளை குனியாமலே நுழைந்துவிடும்.

மணலில் இறங்கும் இடத்தில் ஒரு பெண் போலீஸ் உட்கார்ந்து, வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் கையில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். நீளமான வெள்ளைச் சீட்டு. அதில் பேனாவால் பிள்ளை பெயரும் வீட்டார் போன் நம்பரும் எழுதி, மணிக்கட்டைச் சுற்றி ஒட்டிவிடுவாள்.

"எனுக்கு எதுக்கு, நான் பெரியவ" என்றாள் பெரியவள்.

"போன வருஷம் உன்னவிடப் பெரியவ ஒருத்தி தொலைஞ்சிட்டா. கைய நீட்டு" என்றாள் அந்தப் பெண்.

சின்னவள் வளையல் போடுகிற மாதிரி ஆசையாகக் கையை நீட்டினாள். அந்தச் சீட்டைப் பார்த்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காரணம் இருக்கிறது. என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது இதே மாதிரி வெள்ளைச் சீட்டை அவர் கையில் கட்டினார்கள். ஐந்தாம் நாள் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டும்போது அது கையிலேயே இருந்தது. பெயர் எழுதி, நம்பர் எழுதி, ஒரு சாமானுக்குக் கட்டின மாதிரி. அதை நான்தான் அறுத்தேன். பச்சைப் பிள்ளை கையில் அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் நாள் கிழமையில் இதை வாய்விட்டு எப்படிச் சொல்வது?

ஜமுக்காளம் விரித்தோம். மந்தாரை இலையில் கட்டிக் கொண்டுபோயிருந்த இட்லியைச் சாப்பிட்டோம். மகனும் மருமகளும் பஜ்ஜி வாங்கப் போனார்கள். பெரியவள் முதுகைக் காட்டிக்கொண்டு மணலில் கோபுரம் கட்டினாள். சின்னவளை மடியில் இழுத்து, சீட்டு ஒட்டியிருந்த இடத்தை நகத்தால் நிமிண்டினேன். கிழியாமல் வந்தது. என் விரல் பிடியில் இருக்கிற பிள்ளைக்குச் சீட்டு எதற்கு என்று சுருக்குப்பையில் போட்டுக்கொண்டேன். பையில் எப்போதும் கொஞ்சம் கழிவுப் பட்டு இழை கிடக்கும். அரக்கு நிற இழையை மூன்றாக முறுக்கி அவள் கையில் காப்பாகக் கட்டிவிட்டேன். "நல்லா இருக்குது ஆயா" என்று அவள் கையை ஆட்டிப் பார்த்துக்கொண்டாள்.

அவர்கள் திரும்பி வந்தார்கள். பஜ்ஜி தின்றோம். எண்ணெய்க் கை துடைக்க மருமகள் துணி தேடினாள், மகன் மறுபடி தண்ணீர் பாட்டில் வாங்கப் போனான். சின்னவள் கை என் கைக்குள் இருந்தது. வெற்றிலை போடலாம் என்று சுருக்குப்பையைப் பிரிக்க அந்தக் கையை விட்டேன். காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் வைக்கும் நேரம்தான். திரும்பினால் அவள் இல்லை.

வாயில் வைத்த வெற்றிலையை மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. "சின்னது எங்க?" என்று மருமகள் கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பலூன் கடை, ராட்டினம், குதிரைக்காரன் என்று எல்லாப் பக்கமும் ஓடினோம். பச்சைப் பாவாடை தெரியும் இடமெல்லாம் ஓடினோம். பொங்கலுக்கு எடுத்த பாவாடை. அன்றைக்குப் பாதிப் பிள்ளைகள் பச்சைப் பாவாடைதான் போட்டிருந்தார்கள்.

போலீஸ் பந்தலுக்குப் போனோம். சீட்டு ஒட்டின அதே பெண்தான் அங்கே இருந்தாள். மகன் எல்லாம் சொன்னான். "நாலு வயசு, பச்சைப் பாவாடை. கையில நீங்க ஒட்டின டேக் இருக்குது. என் நம்பர்தான்."

"டேக் இருக்குதில்ல, பயப்படாதீங்க. யாராச்சும் பார்த்தா உடனே போன் பண்ணுவாங்க" என்றாள். கையிலிருந்த வாக்கி டாக்கியில் மற்றப் பந்தல்களுக்கும் சொன்னாள். அங்கிருந்து பதில் வந்தது. பச்சைப் பாவாடையில் இரண்டு மூன்று பெண்கள் இருக்கிறார்கள், அதில் டேக் இருக்கிற பிள்ளை யாரும் இல்லை என்று.

"போன் வரும்மா, கண்டிப்பா வரும்" என்று மருமகளைத் தேற்றிவிட்டு மகன் தண்ணீர்ப் பக்கம் தேடப் போனான். மருமகள் கலங்கரை விளக்கம் இருக்கிற பக்கம் ஓடினாள். முழங்கால் வலிக்காரி என்று என்னைப் பந்தலிலேயே உட்கார வைத்தார்கள். துணைக்குப் பெரியவள்.

அந்தப் போன் வராது என்று அந்தக் கடற்கரையிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.

வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. ஆறு பிள்ளை வளர்த்தவள், என்னவென்று சொல்வேன்? இதோ கிடைத்துவிடுவாள், பிறகு சொல்லவே வேண்டியிருக்காது என்று நினைத்தேன். மைக்கில் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டார்கள். அம்மாக்கள் ஓடிவந்து தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லாப் பிள்ளை கையிலும் அந்த வெள்ளைச் சீட்டு. வெயில் சாய்ந்தது. அலைச்சத்தம் பெரிசாகக் கேட்டது. சவுக்குக் கட்டைக்குக் கீழே இருந்த இடைவெளியே கண் முன்னால் நின்றது. ஒரு தடவை நாலைந்து பேர் தண்ணீர்ப் பக்கம் கத்திக்கொண்டு ஓடினார்கள். எனக்கு உயிரே இல்லை. யாருடைய தொப்பியோ பறந்து போனதாம்.

அப்போதுதான் பெரியவள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "ஆயா, தண்ணி பட்டா அந்த நம்பர் அழிஞ்சி பூடுமா?"

அவள் கேட்டது தண்ணீரைப் பற்றி. அந்த வயசுப் பிள்ளைக்கும் கடல்தான் நினைப்பில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துபோய்ச் சுருக்குப்பையிலிருந்து சீட்டை எடுத்து அந்தப் பெண் போலீஸ் முன்னால் நீட்டினேன்.

அவள் வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "இன்னா ஆயா இது? யாரு பிச்சது?"

"நான்தாம்மா."

"ஒரு மணி நேரமா டேக் கட்டின பொண்ண தேடிக்கினு இருக்கறோம்! நீ இங்கியே குந்திக்கினு பார்த்துக்கினு இருக்கறியே!" அதற்கு மேல் திட்ட அவள் நேரம் செலவழிக்கவில்லை. வாக்கி டாக்கியை எடுத்தாள். "நாலு வயசுப் பொண்ணு, பச்சைப் பாவாடை. டேக் இல்ல, நல்லா கேளுங்க, டேக் இல்ல. கையில... கையில இன்னா ஆயா?"

"அரக்குப் பட்டு இழை. மூணு புரி."

அவள் அப்படியே சொன்னாள். கொஞ்ச நேரம் கரகரவென்று சத்தம். பிறகு ஓர் ஆண் குரல். "இங்க ஒண்ணு அழுது அழுது தூங்கிடுச்சு மேடம். பேரு கேட்டா சொல்லல. நீங்க டேக் இருக்குதுன்னு சொன்னீங்க, இதுக்கு இல்ல, அதான் விட்டுட்டோம். கையில நூலு இருக்குது."

நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். பெரியவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நீயா ஆயா அவுத்த?" என்று மெதுவாகக் கேட்டாள். தலையை ஆட்டினேன்.

ஒரு போலீஸ்காரர் தோளில் தூங்கிக்கொண்டே சின்னவள் வந்து சேர்ந்தாள். சேதி தெரிந்து மருமகள் ஓடிவந்து வாரி அணைத்து, அழுது, கன்னத்தில் ஒன்று வைத்து, மறுபடி அழுதாள். பிறகு கையைப் புரட்டிப் பார்த்தாள். "டேக் எங்க? ஒழுங்கா ஒட்டக்கூடத் தெரியாதா உங்களுக்கு? அவுந்து விழுந்திருக்குது பாருங்க!" என்று அந்தப் பெண் போலீஸைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் மணலைப் பார்த்தேன்.

"சரிம்மா, இந்த வாட்டி இறுக்கமா ஒட்டறேன்" என்றாள் அவள். புதுச் சீட்டு எடுத்து எழுதி, பட்டு இழைக்குப் பக்கத்திலேயே ஒட்டினாள். பழைய சீட்டை யாருக்கும் தெரியாமல் என் கையில் திணித்துவிட்டாள்.

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் மருமகள் இந்தக் கதையைச் சொல்கிறாள். போலீஸ்காரி அலட்சியமாக ஒட்டினாளாம், அதனால்தான் பிள்ளை தொலைந்ததாம். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெரியவளும் கேட்கிறாள். அவள் ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்ப்பதோடு சரி. சீட்டு இன்னும் என் சுருக்குப்பையில்தான் இருக்கிறது. ஒரு பாவமும் அறியாதவள் என்னால் ஊரெல்லாம் பேச்சு வாங்குகிறாள். மருமகள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. கடலைப் பார்த்தபோது இருந்த பயம் இதைவிடக் குறைச்சல் என்றுகூடச் சொல்லலாம். அதனால்தான் எழுதினேன்.

மருமகள் உள்ளே குழம்பு தாளிக்கிறாள். பெரியவளைக் கூப்பிட்டு நோட்டைக் கையில் கொடுக்கிறேன். "இதப் படிம்மா. தப்பு இருந்தா பரவாயில்ல, எதையும் விடாத. அந்தக் கதவுகிட்ட போயி நின்னுக்கினு, உங்கம்மா காதுல உழற மாதிரி கத்திப் படி."