ஆமைக்குக் கிடைத்த நியாயம்

எழுபதுகளில் மதுரையில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். அருப்புக்கோட்டையில் எங்களுடையது தறிக்காரர் வீடு. உள்ளே தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். அந்தத் தெலுங்குக்காகத்தான் பேராசிரியர் என்னையும் கோதாவரிக் கரைக்குக் கூட்டிப் போனார். அங்கே ஜுராசிக் காலத்துச் சுண்ணாம்புப் பாறையில் ஓர் ஆமையின் ஓடு கிடைத்தது. தட்டை ஓடு என்று பொருள்படும் லத்தீன் இனப்பெயரை நான்தான் சொன்னேன். அவரும் சரியென்றார்.

பிறகு அவரே கெடுத்தார். வெளிநாட்டில் ஏற்கெனவே பெயரிட்ட ஒரு பேரினத்தில் எங்கள் ஆமையைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே அதே பெயரில் மூத்த ஆமை ஒன்று இருந்தது. ஒரு பேரினத்துக்குள் இரண்டுக்கு ஒரே பெயர் ஆகாது, பின்னால் வந்தது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது விதி. வேறு பெயர் யோசிக்கச் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போதுதான் பாளையம்பட்டியில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். மாமியாருக்கும் என் பெயரேதான். மூத்தவள் பெயரைச் சொல்லி மருமகளை எப்படி ஏவுவது, எப்படித் திட்டுவது என்று, எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவளின் பெயரை மாற்றிவிடுவார்கள். தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, மோதிரத்தால் மாப்பிள்ளை ஏதோ ஒரு பெயரை எழுதினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அரிசியை மறுநாள் பொங்கித் தின்றார்கள்.

என் பெயர்தான் போயிற்று, இதையாவது விடுவதில்லை என்று ஓட்டுத் துண்டுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வயிற்றுப் பக்கத்து ஓட்டின் எலும்புகள் சேரும் இடம் அந்த வெளிநாட்டு ஆமைகளுக்கு இருப்பதுபோல் இல்லை. அது அந்தக் கூட்டமே இல்லை என்று காட்டினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் பேராசிரியர் ஒப்புக்கொண்டு, புதுப் பேரினம் ஒன்றை உண்டாக்கினார். நான் வைத்த பெயர் நிலைத்தது.

கட்டுரை அச்சாகி, பாளையம்பட்டி விலாசத்துக்கு ரிஜிஸ்தர் தபாலில் வந்தது. உறையில் என் பழைய பெயர். தபால்காரர் அதைச் சொல்லிக் கூப்பிட, மாமியார் போய்க் கைநாட்டு வைத்து வாங்கிவிட்டார். பிரித்தால் ஆமைப் படம். வீட்டுக்குள் ஆமை வரலாமா? அப்படியே கொல்லையில் வீசிவிட்டார். மதுரையிலிருந்து சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கிய நான், வேலி முள்ளில் கிழிந்து தொங்கியதைப் பொறுக்கி எடுத்தேன். கேட்டதற்கு, அந்தப் பெயருக்கு வந்ததை அந்தப் பெயர்க்காரி வாங்கினாள், உனக்கென்ன என்றார் மாமியார் தெலுங்கில். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் தபாலாபீசுக்குப் போனேன். தபால்காரர் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எங்க வீட்டுல அந்தப் பேருல ரெண்டு பேரு இருக்கோம். அத்தைக்கு யாரும் தபாலு போட மாட்டாக. வந்தா எனக்குத்தான். என் கையில குடுங்க."

"ஒங்களுக்குத்தான் பேர மாத்திட்டாகளாமேம்மா?"

"நான் மாத்தலண்ணே."