பெரியப்பாவின் ஆயுதம்

எங்கள் பெரியப்பா போரில் பதக்கம் வாங்கியவர். இந்தச் செய்தி தெரியாத வீடு மைசூர் அக்ரஹாரத்தில் ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொண்டவள் நான். எனக்கு அப்போது எட்டு வயது. காய்கறிக்காரர், தபால்காரர், பள்ளிக்கூட ஆயா என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. பதக்கம் எதற்கு என்று யாராவது கேட்டால், அவர் சுட்டுத்தள்ளிய எதிரிகளின் எண்ணிக்கையை ஆளுக்குத் தகுந்தபடி கூட்டிச் சொல்லுவேன். பெரியப்பாவைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. "மழை, சேறு. நடந்தோம், வந்துட்டோம்" என்பார். காலாட்படைக்காரர் வேறென்ன செய்வார் என்பது அவர் எண்ணம்.

அந்த வருடம் தசரா நெருங்கியபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. ஆயுத பூஜையன்று பெரியப்பா தன் போர்த் துப்பாக்கியைப் பூஜையில் வைக்கப்போகிறார் என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் அன்றைக்கு பஸ்ஸிலிருந்து அரிவாள்மணை வரை எதுவும் சந்தனம் குங்குமத்திலிருந்து தப்பாது. பட்டாளத்துக்காரர் வீட்டில் துப்பாக்கி இருக்காதா என்ன? ஓய்வு பெறும்போது அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வரவேண்டும் என்பது எனக்கெப்படித் தெரியும்?

பூஜையன்று ஆறேழு பிள்ளைகள் வந்து நின்றார்கள். உள்ளே அப்பாவின் ஸ்கூட்டர் சாவி, அம்மாவின் தையல் மெஷின், பெரியம்மாவின் அரிவாள்மணை, என் ஜாமெட்ரி பாக்ஸ். பெரியப்பா பங்குக்கு ஒன்றுமே இல்லை. "எல்லி பந்தூக்கு?" என்று, துப்பாக்கி எங்கே என, ஒருத்தி கன்னடத்தில் கேட்டாள். என் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து கொள்ளேகால் மாமா வந்து சேர்ந்தார். பெரியப்பாவோடு பட்டாளத்தில் இருந்தவர். ஒரு கால் முட்டிக்குக் கீழே கட்டைக்கால். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முதல் பஸ் பிடித்து வந்துவிடுவார். துப்பாக்கி விவகாரத்தைக் கேட்டுவிட்டு, "அதுக்கென்ன கண்ணு, உங்க பெரியப்பன் ஆயுதம் இங்கதான இருக்குது" என்றார். சந்தனத்தைக் குழைத்து, பெரியப்பாவின் புது வெள்ளைச் சட்டையில் இரண்டு தோளிலும் அப்பினார். அதன்மேல் குங்குமம் வைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்றா இது, புள்ளைங்க முன்னால" என்று பெரியப்பா நெளிந்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கல்லூரியில் படிக்கும்போதுதான், பதக்கத்தோடு வந்த ஆங்கிலப் பாராட்டுரையை எடுத்து வாசித்தேன். குண்டுகள் விழுந்துகொண்டிருக்க, கால் சிதைந்த தோழனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து வந்தார் என்று இருந்தது. யாரையும் சுட்டதாக ஒரு வரி இல்லை. நான் ஊரெல்லாம் அளந்துவிட்ட பொய்யைவிட உண்மை எவ்வளவோ பெரிதாக இருந்தது. என் பெருமை அன்றைக்குத்தான் உண்மையில் ஆரம்பித்தது. இப்போதும் எல்லோரிடமும் சொல்கிறேன், எண்ணிக்கையைக் கூட்டாமல்: காப்பாற்றியது ஒருவரை.

அந்தப் பூஜையன்று இதெல்லாம் எனக்கெங்கே தெரியும்? பிள்ளைகள் போனதும் ஈரத்துணியோடு பெரியப்பாவிடம் ஓடினேன். அவர் குனிந்து தோளைக் காட்டினார். மாமா பார்த்துக்கொண்டிருக்க, சுவடே தெரியாதபடி அழுத்தி அழுத்தித் துடைத்தேன்.