தினை மாவில் ஒரு பிடி கோதுமை

என் தம்பி மகளுக்கு ஆகாது என்று தெரிந்தே, அவள் தின்பண்டத்தில் கோதுமை மாவைக் கலந்தவள் நான். கை தவறி விழுந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு பிடி அள்ளிப் போட்டேன். போட்டுப் பிசைந்தும் விட்டேன்.

நீங்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சுளியுங்கள்... மீதி இதைவிட மோசம்.

புருஷன் போன பிறகு, பிள்ளையும் இல்லாத நான் போடியில் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தேன். தம்பிக்கு ஏலக்காய்க் கடையில் வேலை. அவன் மனைவி செல்வி, போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் வளர்ந்தவள். மகளை மலையாளத்தில் ‘மோளே’ என்றுதான் கூப்பிடுவாள். அதுகூட எனக்குப் பிடிக்காது.

மகள் வசந்திக்குச் சின்னதிலேயே வயிறு கெட்டது. கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் உப்பியது. மதுரை டாக்டர், கோதுமையும் பாலும் நெய்யும் இந்த உடம்புக்குத் துளிகூட ஆகாது என்றார். சோறும் குழம்புமாகத் தின்று பிள்ளை தேறினாள். தீபாவளி நெருங்கியபோதுதான் சிக்கல்.

எங்கள் வீட்டுத் தீபாவளி என்றால் கோதுமை அல்வா. ஊறவைத்து ஆட்டி, பால் பிழிந்து, நெய்யை ஊற்றி ஊற்றிக் கிண்டுவது. அம்மாவுக்குப் பிறகு அந்தக் கரண்டி என் கைக்கு வந்தது. அண்டி வாழ்ந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு நாள்தான்.

செல்வி அதை மாற்றினாள். ஏலக்காயும் முந்திரியும் அப்படியே. கோதுமைக்குப் பதில் தினை மாவு, நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய். வட்டமாகத் தட்டி, மணல் பரப்பிய சட்டியில் வைத்து, மூடிமேல் தணல் போட்டுச் சுட்டாள். எஸ்டேட் பங்களாவில் சமையல் செய்த அவள் அப்பாவிடம் படித்த வித்தை. முதலில் உதிர்ந்தது, பிறகு கருகியது, கடைசியில் நல்ல பிஸ்கட்டாகவே வந்தது.

“இந்த வருசம் அல்வா வேணாம் மதினி. பிள்ளை பாத்து ஏங்கிப் போகும். எல்லாரும் இதையே திம்போம்” என்றாள்.

தம்பியைப் பார்த்தேன். “அவ சொல்றதும் சரிதானக்கா” என்றான்.

தீபாவளிக்கு முந்தின நாள், பிசைந்த மாவை மூடிவைத்துவிட்டுச் செல்வி தண்ணீர் பிடிக்கப் போனாள். அப்போதுதான் செய்தேன். பிள்ளை தின்பாள், ஒரு பிடிக்கு ஒன்றும் ஆகிவிடாது, ‘கோதுமையைத் தின்னுட்டுத்தான ஓடியாடுறா’ என்று நாலு பேர் முன்னால் சொல்லிச் செல்வியின் வாயை அடைக்கலாம்... அவ்வளவுதான் என் கணக்கு.

தீபாவளியன்று வசந்தி ஆசையாகத் தின்றாள். சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். வாந்தி, பேதி. ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் தேடினார்கள்.

“பிள்ளைக்கு என்னம்மா குடுத்தீங்க?” என்று டாக்டர் கேட்டார். தினை மாவு, தேங்காய் எண்ணெய் என்று செல்வி ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறந்திருக்க வேண்டிய இடம் அது. திறக்கவில்லை.

“ஒனக்கு எதுக்குடி இந்த வேண்டாத சோலி? பிஸ்கட்டு இல்லைன்னு இங்க யாரு அழுதா?” என்று தம்பி கத்தினான். செல்வி தலை நிமிரவில்லை.

பிள்ளை பிழைத்தாள். வீட்டுக்கு வந்ததும் செல்வி என்னிடம் வந்தாள்.

“மதினி, இனிமே இவளுக்கு நீங்களே ஆக்கிக் குடுங்க. எங் கை சரியில்ல. தொடவே பயமா இருக்கு.”

சரி என்றேன்.

அதற்குப் பிறகு கோதுமையை வாசல் தாண்ட விடவில்லை. அது என்ன செய்யும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? பசித்தால் வசந்தி என்னிடம் ஓடி வந்தாள். என் பக்கத்திலேயே படுத்தாள். பெற்றவளோ, மகளுக்கு ஒரு வாய் ஊட்டவும் துணியாமல் தள்ளி நின்று பார்த்தாள்.

பாவத்தைக் கழுவத்தான் அப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. எனக்கு அது இனித்தது. கோதுமையை அள்ளிப் போட்டதற்காவது கோபம் என்று காரணம் சொல்லலாம். இதற்கு என்ன சொல்வேன்?

சொல்லிவிட நினைத்த நாட்கள் உண்டு. சொன்னால் பிள்ளை என்னை விட்டுப் போய்விடுவாளே... இன்றுவரை செல்வியிடம் சொல்லவில்லை.

எண்பதுகளில் வசந்திக்குக் கல்யாணம் நடந்தது. தாலி அறுத்தவள் என்று நான் தூணோரம் ஒதுங்கி நின்றேன். தன் காலில் விழக் குனிந்த மகளைச் செல்வி தடுத்தாள்.

“மொதல்ல அத்தை கால்ல விழுத்தா. நான் ஒன்னையக் கொல்லப் பாத்தவ. உசிரக் குடுத்து வளத்தது அவுகதான்.”

கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. வசந்தி வந்து விழுந்தாள். தலையில் கைவைத்து, “நல்லா இருத்தா” என்றேன். மகளுக்குப் பின்னால் நின்ற செல்வி, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கும்பிட்டாள்.

அந்தக் கும்பிடையும் வாங்கிக்கொண்டேன்.