பிச்சைமணி கலந்த வெந்நீர்

உடும்பஞ்சோலை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் அடுப்பில் விறகு தள்ளித் தள்ளியே பிச்சைமணியின் கைகள் மரத்துப்போயிருந்தன. வீட்டில் யாருக்கும் தெரியாது. போன வாரம், "பதமாத்தான் இருக்கு" என்று அவர் ஊற்றிய தண்ணீரில் பேத்தியின் கால் சிவந்துவிட்டது. வாளியில் போடும் ஹீட்டர்மேல் பழியைப் போட்டார்.

பிறகு நெடுங்கண்டத்தில் சூட்டை அளக்கும் சென்சாரும் கரண்டை நிறுத்தும் ரிலேயும் வாங்கி, வீடியோ பார்த்து ஹீட்டரோடு இணைத்தார். இன்று முப்பத்தெட்டு டிகிரியில் 'டிக்' என்று கரண்ட் நின்றது. பிளக்கைப் பிடுங்கினார்.

மருமகள் ஆர்த்தி சிரித்தாள். "கைய விட்டா தெரிஞ்சிட்டுப் போகுது. இதுக்கொரு மிசினா மாமா?"

"கரண்டு மிச்சமாகும்ல."

"சரி, மிசினு சரியாக் காட்டுதான்னு தொட்டுப் பாத்துச் சொல்லுங்க."

வாளிக்குள் கையை விட்டார். ஒன்றும் தெரியவில்லை. ஆர்த்தி பிள்ளையோடு காத்து நின்றாள்.

"நீயே ஒருக்கா பாத்துரும்மா" என்று சொல்லி, ஈரக்கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார்.