இடித்த கல்லில் நாற்பது அடி

என் கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வீட்டுக்கும் வேன் நிற்கும் சாலைக்கும் இடையே நாற்பது அடிச் சந்து. மழை பெய்தால் சக்கர நாற்காலி சேற்றில் புதைந்துவிடும். பக்கத்து வீட்டு ஆண்கள் இருவர் அவரைத் தூக்கிப்போய் வேனில் வைப்பார்கள். ஒரு மழை நாளில் வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"இனிமே நான் போகல. என்னத் தூக்க ஆள் தேடாத."

போகாவிட்டால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். அன்று கெஞ்சிக் கூத்தாடி அனுப்பிவைத்தேன். அந்தச் சேற்றின்மேல் வந்த ஆத்திரம் மட்டும் அடங்கவில்லை.

சந்து தனியார் நிலம் என்பதால் யாரும் தார் போடமாட்டார்கள். குவாரிக் கல் வாங்க வசதியில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடிபாட்டை லோரிகள் கடல் பாலம் தாண்டி அக்கரையில் கொண்டுபோய்க் கொட்டின. அதே பாலத்தில் இந்தப் பக்கம் புதுக் கல் வந்தது. அக்கரையில் பிறை என்ற ஊரில், ஒரு ஃபேக்டரி கேண்டீனில் எனக்கு வேலை. மோட்டார் சைக்கிளில் போகும்போது ஒன்றின் தூசி, வரும்போது மற்றதன் தூசி. இந்தக் கூத்து வேறு யார் கண்ணிலும் படவில்லையா?

இடிக்கும் இடத்துச் சூப்பர்வைசரிடம் போய் நின்றேன்.

"எடுத்துக்க லா, தங்கச்சி. எனக்கும் ஒரு ட்ரிப் மிச்சம்."

தலையளவு கான்கிரீட் கட்டிகள், கம்பி நீட்டிக்கொண்டு சந்தில் வந்து விழுந்தன. அவசரத்தில் அப்படியே பரப்பினேன். உள்ளே வந்த வேனின் டயர் பஞ்சர்.

எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்தார். "இடிச்ச கல்ல வாசல்ல போட்டா வீடு வெளங்காதுன்னு அப்பவே சொன்னேன்."

"வெளங்காம போறதுக்கு இன்னும் என்னக்கா பாக்கி?"

மறுபடி சூப்பர்வைசரிடம் போனேன்.

"ஒடச்சு, கம்பிய எடுத்துத்தான் போடணும். அடுத்த வாரம் மெஷின் வருது. மிச்சத்த இங்கயே ஒடச்சு, புது கார் பார்க்குக்கு அடியில போடப்போறோம். ஒன்னோடதையும் கொண்டா. மரம், டைலு இருந்தா பொறுக்கிடு. அது கலந்தா தர நிக்காது."

வேலை முடிந்து வந்து தினமும் பொறுக்கினேன். உள்ளங்கை கிழிந்தது. என் கணவர் ஜன்னலிலிருந்து பார்த்தார். மூன்றாம் நாள் வாசலுக்கு வந்து கையை நீட்டினார். வாளியை அவர் மடியில் வைத்தேன். மரத்துண்டு வேறு, டைல் வேறு என்று பிரித்துப்போட்டார்.

கட்டிகள் லோரியில் போய்ப் பொடிக்கல்லாகத் திரும்பின. சூப்பர்வைசரின் ஆட்கள் அதைச் சந்தில் பரப்பி, தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டினார்கள். பழைய சிமெண்டுத் தூள் ஈரம் பட்டு மறுபடி இறுகியது.

அடுத்த பெரிய மழையன்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

"கைய எடு," என்றார்.

எடுத்தேன். நாற்பது அடியும் அவரே உருட்டிக்கொண்டு போனார். நான் குடையோடு பின்னால் நடந்தேன். வேன் கதவைத் திறந்த டிரைவரிடம் அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

"அண்ணே, வெள்ளிக்கெழம கொஞ்சம் சீக்கிரமே வாங்க."