ஒங்க புள்ள எங்கன படிக்கு டீச்சர்?

மே மாத வெயிலில் கை வேர்த்து, நோட்டீஸில் இருந்த ரோஸ் கலர் மை விரலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். முகத்தைத் துடைத்தால் கன்னத்திலும் ரோஸ். அந்தக் கோலத்தில்தான் சேரன்மாதேவிப் பக்கத்து ஊர் ஒன்றில் வீடு வீடாக ஏறி இறங்கினோம்... "எங்க பள்ளிக்கூடத்துல புள்ளய சேருங்க" என்று.

எனக்குக் கல்யாணம் ஆகாத காலம். அரசு நடுநிலைப்பள்ளியில் நான்தான் கடைசியாகச் சேர்ந்த டீச்சர். அந்த வருஷம் ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளைகள் வராவிட்டால் ஒரு டீச்சர் உபரி. உபரி என்றால் எந்த மூலைக்கு வேண்டுமானாலும் தூக்கிப் போடுவார்கள். அப்பாவுக்கு அப்போதுதான் பக்கவாதம் வந்திருந்தது. சாயங்காலம் அவரை பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக என்னை விட்டால் ஆளில்லை. ராத்திரி படுத்தால் கண்ணை மூடவே பயமாக இருக்கும்.

அதற்கு முன்புதான் பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சி. பள்ளித் தலைமைக் குழுவுக்குத் தொழில்முனைவுத் திறன் வளர்ப்பதாம். எங்கள் பள்ளிக் குழு என்றால் தலைமையாசிரியை பெரிய டீச்சர், கணக்கு சார், நான். "உங்க ஸ்கூலை ஒரு கடைன்னு நினைச்சுக்கோங்க" என்றார் பயிற்சி தந்தவர். பெரிய டீச்சர் என் காதில், "கடைக்கு மொதல்ல ஆள் வரணும்லா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைக்கு ஆள் பிடிக்கப் போன முதல் வீட்டிலேயே சொதப்பினோம். வாசலில் விளையாடிய பையனைப் பார்த்ததும் கணக்கு சாருக்குக் கை சும்மா இருக்கவில்லை. "ஏலே, இங்கன வா. ஒண்ணுல இருந்து அம்பது வரைக்கும் சொல்லு பாப்போம்" என்றார். அவன் பதிமூன்றில் நின்றான். முழித்தான். பிறகு ஓவென்று அழுதுகொண்டு உள்ளே ஓடிவிட்டான். அட்மிஷன் கேட்கப் போன இடத்தில் பரீட்சை வைத்துவிட்டு வந்தோம்! வாத்தியார் புத்தி வேறு எங்கே போகும்?

அடுத்து இசக்கியம்மாள் வீடு. வயல் வேலைக்குப் போகிறவர். ஒரே பையன், மணி. நாங்கள் சத்துணவு, சீருடை, ஸ்மார்ட் போர்டு என்று மூச்சு விடாமல் அடுக்கினோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்...

"நான் ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீய. ஒங்க புள்ளையெல்லாம் எங்கன படிக்கு டீச்சர்?"

கணக்கு சாரின் இரண்டு பையன்களும் டவுனில் இங்கிலீஷ் மீடியம். பெரிய டீச்சரின் மகள் படித்தது கான்வென்ட். சார் கையிலிருந்த நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் வேலையே அந்த ஒரு பதிலில் இருப்பது போல இருந்தது...

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலக்கா" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "அப்பம் நீங்க தப்பிச்சீய!"

சிரித்த வாயோடு உண்மையான காரணத்தையும் சொன்னார். "இங்கிலீஷ் மீடியம் வேன்காரன் ஏழு மணிக்கு வந்து புள்ளய ஏத்திட்டுப் போயிருதான். நான் நடவுக்குப் போவேன். ஒங்க பள்ளிக்கூடம் ஒம்பதுக்குத்தான் தொறக்கு. அதுவரைக்கும் பச்சப் புள்ளய எங்கன விட?"

ஆக, ஸ்மார்ட் போர்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

"நாங்க ஏழு மணிக்கே தொறந்துருதோம்" என்றார் பெரிய டீச்சர் பட்டென்று. "நான் வருவேன். இந்தா, இவளும் வருவா."

என்னை யாரும் கேட்கவில்லை!

திரும்பி வரும்போது கணக்கு சார், "மேல ஆபீஸ்ல கேட்டா என்ன மேடம் சொல்லுவீய?" என்றார். "கடை நம்மதுலா, நேரத்தையும் நாமதான் வைக்கணும்" என்றார் பெரிய டீச்சர்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று விடிந்ததுமே கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றோம். மஞ்சள் வேன் ஹாரன் அடித்துக்கொண்டு ஊருக்குள் போனது, திரும்பியும் போனது. பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் துடைத்தார். நான் எந்த ஊருக்குத் தூக்கியடிப்பார்கள் என்று மனதுக்குள் பஸ் ரூட் போட ஆரம்பித்துவிட்டேன்.

அப்புறம் வாய்க்கால் கரையில் தூக்குச்சட்டிகள் தெரிந்தன. முன்னால் இசக்கியம்மாள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு மணி. பின்னால் நடவுக்குப் போகும் பெண்கள், ஆளுக்கொரு பிள்ளையோடு.

"நம்பி விட்டுட்டுப் போறேன் டீச்சர்..." என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் உபரி ஆகவில்லை. அப்பாவும் என் கையைப் பிடித்துத்தான் மறுபடி நடக்கப் பழகினார்.

இன்று ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் நானே பெரிய டீச்சர். அன்று ரோஸ் நோட்டீஸ், இன்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், ரீல்ஸ். கேட் மட்டும் இங்கேயும் ஏழு மணிக்குத்தான். மே மாதம் வந்தால் வீடு வீடாக ஏறி இறங்குவதும் மாறவில்லை.

நேற்று எங்கள் குழுவோடு ஒரு வீட்டுக்குப் போனேன். சின்ன வயசு அம்மா. கேட்டுவிட்டாள்... அதே கேள்வி. கூட வந்த இரண்டு டீச்சர்களும் தரையைப் பார்த்தார்கள்.

கல்யாணம் ஆகவில்லை என்று இனிமேல் சொல்ல முடியாதே! என் மகளுக்கு இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பு. வீட்டுக்காரர் பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கூலைப் பார்த்து, பேசி முடித்து வைத்திருக்கிறார்.

"எம் மவ ஒம் புள்ள பக்கத்துலதாம்மா உக்காருவா" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் இன்னும் வாயைத் திறக்கவில்லை. நேற்றிலிருந்து மூன்று தடவை பேச்செடுத்து, குழம்பில் உப்பு சரியா என்று கேட்டு முடித்துவிட்டேன். நான் இங்கே எழுதுவதை முதல் ஆளாகப் படிப்பது அவர்தான்.

என்னங்க... படிச்சாச்சுன்னா பைய அடுப்படிக்கு வாங்க. பேசணும்.