அம்மாவின் இரத்தத்துக்கு மூன்று கொப்பி

என் அம்மா யாருக்கும் பயந்தவர் அல்லர் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பொய். ஆமிக்குப் பயம், பொலிசுக்குப் பயம், வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரிக்கும் பயம். அடையாள அட்டையைப் பிளவுஸுக்குள் செருகாமல் வாசற்படி தாண்டமாட்டார். யுத்தகாலக் கொழும்பில் தமிழரிடம் அந்த அட்டை இல்லையென்றால் அன்றிரவு பொலிஸில்தான் படுக்கை. ஆனால் எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரேயொரு நாள், அந்தப் பயமெல்லாம் எங்கேயோ போய்த் தொலைந்தது.

அந்த வருடம் அம்மாவின் கால்கள் வீங்கின. இரத்தம் எடுத்தார்கள். முடிவு 'டொக்டருக்கு மட்டும்' என்று ஒட்டிய உறையில் வரும். டொக்டர் பிரிப்பார், அப்பாவுடன் ஆங்கிலத்தில் கதைப்பார், தாளைத் தன் கோப்பில் போட்டு மூடுவார். வீட்டுக்கு வந்து அம்மா கேட்டால் அப்பா, "ஒண்டுமில்லை, குளிசையைப் போட்டிட்டுப் படும்" என்பார். இப்படி இரண்டு தடவை. இரண்டாம் தடவை டொக்டர் அம்மாவிடம் நேராகக் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "உங்கட அம்மாவுக்கும் இந்த வருத்தம் இருந்ததோ?" அம்மாவுக்குத் தெரியவில்லை. அவரைப் பெற்றவர் நாற்பது வயதில் போய்ச் சேர்ந்தவர். என்ன நோய் என்பதை ஆம்பிளைகள் தங்களுக்குள் கதைத்ததோடு சரி.

மூன்றாம் தடவை அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. உறையை வாங்கிக்கொண்டு அம்மாவும் நானும் காலி வீதியால் நடந்தோம். சோதனைச் சாவடியில் ஒரு ஆமிக்காரன், மீசைகூடச் சரியாக முளைக்காதவன், கைப்பையைக் கிளறி உறையைத் தூக்கினான். "ரிப்போட் மல்லி, ரிப்போட்" என்று, சிங்களத்தில் தம்பி முறை வைத்துச் சொன்னார் அம்மா. அவன் சர்ரென்று கிழித்தான். தாளை விரித்து மேலிருந்து கீழ்வரை ஆறுதலாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

அம்மா பத்தடி நடந்து நின்றார்.

"றோட்டில நிக்கிறவன் பாக்கலாம். எனக்குப் பாக்க ஏலாதோ?"

டொக்டர் கிழிந்த உறையைக் கண்டு முகம் சுளித்தார்.

"ஆமி திறந்தது, டொக்டர். இனி என்ன ஒளிப்பு? மூண்டு ரிப்போட்டுக்கும் எனக்குப் போட்டோக்கொப்பி வேணும்."

"உங்களுக்கு அது விளங்காது தங்கச்சி. அவரை வரச்சொல்லுங்கோ."

"அவரிட்டையே ரத்தம் எடுத்தனீங்கள்? என்னட்டத்தானே!"

கோப்பு வெளியே போகக்கூடாது என்றார் டொக்டர். அம்மா பிளவுஸுக்குள் கைவிட்டு அடையாள அட்டையை எடுத்து மேசையில் டப்பென்று வைத்தார். "இது ஈடு. முன்கடையில கொப்பி அடிச்சுக்கொண்டு வாறன்."

டொக்டரும் தமிழர்தான். கதிரையிலிருந்து துள்ளி எழும்பினார். "ஐயோ, காட் இல்லாமல் படி இறங்காதேங்கோ! மூலையில ஆமி நிக்குது!"

அம்மா கதவில் கைவைத்தபடி, "அப்ப பேப்பரைத் தாங்கோ" என்றார். டொக்டர் அட்டையையும் கோப்பையும் சேர்த்தே நீட்டினார். சரியான பிடிவாதக்காரி என்று அவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. எனக்கென்றால் அப்படியொரு பெருமை.

ஊரார் பொலிஸ் பதிவுத் துண்டுகளைக் கொப்பி அடித்தே பிழைத்துக்கொண்டிருந்த முஸ்லிம் நானாவின் கடையில், ஒவ்வொரு தாளிலும் மூன்று அடிக்கச் சொன்னார் அம்மா. ஒரு கட்டு, திடீரென்று ஓடவேண்டி வந்தால் தூக்குவதற்கென்று வைத்திருந்த பையில் பிறப்புச் சான்றிதழ்களோடு போனது. இன்னொன்று அன்று பின்னேரம் அப்பாவின் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் விழுந்தது. "வாசிச்சுச் சொல்லுங்கோ." அப்பா அன்றைக்கு 'ஒண்டுமில்லை' என்று சொல்லவில்லை. சிறுநீரகம் என்றார், பரம்பரையாக வரக்கூடியது என்றார், பிறகு அழுதார். அம்மா அழவில்லை.

மூன்றாவது கட்டை என்னுடைய பள்ளிக்கூடச் சான்றிதழ்க் கோப்பில் அம்மாவே செருகினார். "துலைச்சியோ, தோலை உரிப்பன்." எனக்கு எரிச்சல் வந்தது. சித்திரப் போட்டியில் நான் வாங்கிய முதற்பரிசுக்கு மேல் இதென்ன கண்டறியாத கடதாசி?

அம்மா அதற்குப் பிறகும் பதினொரு வருடம் இருந்தார்; ஒரு டொக்டரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. என் கால்கள் வீங்கியது முப்பத்தாறு வயதில். என் டொக்டரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். மங்கிப்போன மூன்று தாள்களை எடுத்து அவர் மேசையில் டப்பென்று வைத்தேன்.

அம்மா அன்று சண்டைபிடித்தது தன்னுடைய கொப்பிக்காக என்றுதான் பத்து வயதில் நான் நினைத்திருந்தேன்.